கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்: இடைக்கால இஸ்லாமிய மட்கலங்களைப் படிக்கப் புறப்படுவோருக்கு

லண்டனில் நான் இருந்தது ஒன்பது நாள். அதில் நான்கு நாள் வீண். அப்பாசிய கலீபாக்களின் காலத்துக் கிண்ணங்களை நேரில் பார்த்து ஆய்வேடு எழுதலாம் என்று கடன் வாங்கிக்கொண்டு போனேன். கேட்கக் கூடாத பொருளைக் கேட்டேன், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது என்னிடம் அழகான படங்கள் நானூறு இருந்தன. எழுதுவதற்கு ஒரு வரி இல்லை. இரண்டாவது முறை போனபோது ஐந்தே நாளில் வேலை முடிந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்களுக்கு அரபி தெரிய வேண்டியதில்லை. வேதியியலும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முழுசாகப் பளபளக்கும் கிண்ணத்தைவிட, எங்கே தோண்டியெடுத்தது என்று தெரிந்த உடைந்த ஓடு உங்களுக்கு அதிகம் சொல்லும்.

1. நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கட்டம்: செய்த இடம், கிடைத்த இடம், இப்போது இருக்கும் இடம். பார்க்கச் சின்ன வேலைதான். நான் முதல் தடவை இதைச் செய்யாததால் நடுவிலிருக்கும் கட்டம் முழுக்கக் காலியாக இருந்ததைக் கவனிக்கவே இல்லை.

ஈராக்கின் சாமர்ரா நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலீபா அல்-முஅதஸிம் 836இல் தலைநகராக எழுப்பிய ஊர். 892 வரை ஆட்சி அங்கிருந்துதான் நடந்தது. எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்டும் ஃப்ரீட்ரிக் சாரேயும் 1911 முதல் 1913 வரை அங்கே தோண்டினார்கள். வெள்ளைப் பூச்சுக் கிண்ணங்கள், நீலம் தீட்டியவை, உலோகம் போல மினுங்கும் லஸ்டர் ஓடுகள் ஆகியவற்றோடு அசல் சீனப் பீங்கானும் கிடைத்தது. உடனே ‘சாமர்ராவில் செய்த கிண்ணம்’ என்று எழுதிவிடத் தோன்றும். நானும் எழுதினேன். களிமண்ணை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், இவற்றில் பெரும்பகுதி தெற்கே பஸ்ராவில் செய்யப்பட்டது என்கிறார்கள். கிடைத்த இடம் அரண்மனை, செய்த இடம் துறைமுகப் பட்டணம். இந்த இரண்டு கட்டத்துக்கும் இடையே இருக்கும் தூரத்தில்தான் வணிகமும் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது. கட்டங்களைக் குழப்பினால் இரண்டும் போய்விடும்.

2. வீட்டிலிருந்தே பாதி வேலையை முடியுங்கள் (இரண்டு மாதம், செலவு இல்லை)

பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாம் தங்கள் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கின்றன. நான் தொடங்கச் சொல்வது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில். ஈரானின் நிஷாப்பூரில் 1935 முதல் அவர்களே தோண்டியதால், அந்த ஓடுகளுக்குக் கிடைத்த இடம் தெரியும். அதன்பின் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன்.

தேடும்போது ஊர்ப்பெயரை மட்டும் நம்பாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழம்பொருள் வியாபாரிகள் வாய்க்கு வந்த ஊரை ஒட்டி விற்றார்கள். ஈரானின் பழைய நகரமான ‘ரய்’ என்றால் விலை ஏறும் என்று தெரிந்ததும் எல்லாம் ரய்யிலிருந்து வந்தவை ஆகிவிட்டன. பதிவில் ‘கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது’ என்ற சொல் இருந்தால், அது வியாபாரி சொன்னது என்று படியுங்கள். நடுக்கட்டத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

இன்னொரு கண்ணி ஹிஜ்ரி ஆண்டு. ஹிஜ்ரியை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய கிறிஸ்து ஆண்டு வரும். ஆண்டு எழுதப்பட்ட ஈரானிய லஸ்டர்க் கலங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது ஹிஜ்ரி 575ஐச் சேர்ந்தது. கணக்குப் போட்டால் 1179 சொச்சம். ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு கிறிஸ்து ஆண்டுகளில் கால் வைத்திருக்கும் என்பதால் 1179–80 என்று எழுத வேண்டும். ‘1179’ என்று மட்டும் எழுதிய என் முதல் வரைவில் வழிகாட்டி சிவப்பு மையில் போட்ட வட்டம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

3. பதிவு எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சி.49-1952 என்றொரு எண். ‘சி’ என்றால் மட்கலப் பிரிவு, 49 வரிசை எண், 1952 அந்தப் பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு. செய்த ஆண்டென்று நினைத்துவிட வேண்டாம். ஃபாத்திமிய கலீபாக்களின் எகிப்தில் பதினோராம் நூற்றாண்டில் செய்த லஸ்டர் கிண்ணம் அது. உள்ளே தூபக்கலசத்தை ஆட்டியபடி நிற்கும் ஒரு காப்டிக் (எகிப்தியக்) கிறிஸ்தவப் பாதிரியார். வெளிப்பக்கத்தில் ‘சஅத்’ என்று கைவினைஞரின் பெயர். முஸ்லிம் அரசின் கீழ், அரசவைக்கு உகந்த விலையுயர்ந்த முறையில், கிறிஸ்தவப் படம், அதன் பின்புறத்தில் கையெழுத்து! கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர் பாதிரியாரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் எண்கள் ஆண்டில் தொடங்கும். பழைய பதிவுகளில் அடுத்து வரும் நான்கு இலக்கம் பெரும்பாலும் மாதமும் தேதியும். ஒரே எண்ணின் கீழ் அடுத்தடுத்து ஐம்பது ஓடுகள் இருந்தால் மகிழுங்கள். மொத்தமாக ஓர் அகழாய்விலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எண்ணுக்குப் பக்கத்திலேயே பொருள் காட்சியில் இருக்கிறதா, கிடங்கில் இருக்கிறதா என்றும் போட்டிருக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் நான்கு நாளைத் தின்றது இதுதான். காட்சியில் இருக்கும் பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆய்வறைக்குக் கொண்டுவந்து தர மாட்டார்கள். நான் கேட்ட பத்துப் பொருளில் எட்டு காட்சியில் இருந்தவை.

4. ஆய்வறைக்கு எழுதும் கடிதம்

அருங்காட்சியகத்துக்குள் நுழைவது ஒன்று. கிடங்கிலிருக்கும் ஓட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு அந்தந்தப் பிரிவின் ஆய்வறையில் முன்னதாகவே நேரம் கேட்டுப் பெற வேண்டும். கட்டணம் இல்லை. நான் முதல் முறை மூன்று வாரம் இருக்கும்போது எழுதினேன். ஓர் இடத்தில் ‘இந்த மாதம் முழுக்க இடமில்லை’ என்றார்கள். இன்னோர் இடத்திலிருந்து பதிலே இல்லை. கோபப்பட்டேன். இப்போது யோசித்தால் தவறு என்னுடையது. அந்த அறையில் இரண்டு மேசைதான். மூன்று மாதம் முன்னதாக எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நீங்கள் யார், எந்தக் கல்லூரி, என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், எந்த வாரத்தில் வர முடியும் என்பவை போதும். ‘இஸ்லாமியக் கலை மீது எனக்குச் சிறுவயது முதலே ஆர்வம்’ என்று தொடங்க வேண்டாம். ‘வெள்ளைப் பூச்சுக் கிண்ணங்களின் அடிவளையம் சீன வடிவத்தை எவ்வளவு பின்பற்றுகிறது என்று அளக்க விரும்புகிறேன்’ என்று எழுதினால் அவர்களே உங்களுக்குத் தெரியாத நான்கு எண்களைச் சேர்த்துத் தருவார்கள். எனக்குத் தந்தார்கள்.

கடிதத்தோடு இணைக்க வேண்டியவை: கல்லூரி முகப்புத்தாளில் வழிகாட்டியின் கடிதம், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், பதிவு எண்களின் பட்டியல். ஒரு நாளைக்குப் பதினைந்து ஓட்டுக்கு மேல் கேட்காதீர்கள். உருப்படியாகப் பார்த்தால் ஓர் ஓட்டுக்கு இருபது நிமிடம் ஆகும்.

5. விசாவும் பணமும்

ஆய்வறையிலிருந்து உறுதி மின்னஞ்சல் வந்த பிறகுதான் விசாவுக்குப் போங்கள். அந்த மின்னஞ்சலே உங்கள் பயணக் காரணத்துக்கு வலுவான ஆவணம். பிரிட்டனின் ஆறு மாத விசிட்டர் விசாவுக்கு 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்டாக உயர்ந்தது. இது அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பாக விண்ணப்பிக்க முடியாது. சென்னையில் கைரேகை கொடுத்த பிறகு வழக்கமாக மூன்று வாரம் ஆகும். அவசர வழிக்கு 500 பவுண்டு தனி. அந்தப் பணத்தில் நீங்கள் லண்டனில் ஒரு வாரம் சாப்பிடலாம்.

ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ், விடுமுறைக் கடிதம், பயணச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதற்கான தாள் ஆகியவை இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் மாமாவிடம் வாங்கி மூன்று லட்சத்தை மொத்தமாகக் கணக்கில் போடாதீர்கள். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் விண்ணப்பம் திரும்பும். என் நண்பர் ஒருவருக்குத் திரும்பியது. விசா கைக்கு வரும்வரை விமான டிக்கெட் எடுக்க வேண்டாம்.

லண்டன் போக வசதியில்லாதவர்களுக்குச் சிங்கப்பூர் இருக்கிறது. ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில், 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு இருக்கிறது. அறுபதாயிரத்தைத் தொடும் பொருட்களில் பெரும்பகுதி சீனாவின் சாங்ஷா சூளைக் கிண்ணங்கள்; ஒன்றில் 826ஆம் ஆண்டுக்கு நிகரான சீனத் தேதி பொறித்திருக்கிறது. பாரசீக வளைகுடாப் பக்கம் போய்க்கொண்டிருந்ததாகக் கருதப்படும் சரக்கு என்பதால், எதிர்த்திசையிலிருந்து அதே வணிகத்தைப் பார்க்கலாம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் கூடங்கள் இலவசம். மற்றவர்களுக்கு டிக்கெட் உண்டு.

6. காட்சிக் கூடங்களுக்கு ஒரே ஒரு நாள்

லண்டனின் பிரிட்டிஷ், விக்டோரியா ஆல்பர்ட் ஆகிய இரண்டு அருங்காட்சியகத்துக்கும் நுழைவு இலவசம். ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா ஆல்பர்ட்டின் இஸ்லாமியக் கூடம் அறை எண் 42. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இஸ்லாமிய உலகக் கூடமும் அறை எண் 42, 43. என் நோட்டில் ‘அறை 42, இடப்பக்கம், மூன்றாம் பெட்டி’ என்று எழுதிவைத்துவிட்டு எந்தக் கட்டடம் என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டும் இரவு வரை திறந்திருக்கும், கூட்டமும் குறைவு, அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். நல்ல படம் தளத்திலேயே இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து, விளிம்புக்கும் அடிக்கும் இடைப்பட்ட வளைவை வரையுங்கள். அந்த வளைவைத் தளத்திலிருக்கும் படத்தில் பார்க்க முடியாது.

7. ஓடு கைக்கு வந்தபின்

பென்சில் மட்டும்தான் அனுமதி. மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு போகாதீர்கள். கண்ணாடிப் பூச்சில் அது வழுக்கும். கழுவித் துடைத்த வெறுங்கை அல்லது அவர்கள் தரும் ரப்பர் கையுறை. பத்து மடங்கு உருப்பெருக்கி, சிறு டார்ச், அளவுகோல் பட்டை, வரைபடத்தாள் உங்களுடையவை. மெத்தைக்கு மேலேயே ஓட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் முகப்பைப் பார்க்காதீர்கள். உடைந்த ஓரத்தைப் பாருங்கள். எனக்கு முதலில் வந்தது உள்ளங்கை அகல ஈராக்கிய ஓடு. மேலே பால் வெள்ளை. அதில் நீலப் பனையோலைக் கோலம், ஓரம் லேசாக ஊறிப் படர்ந்து, வெள்ளை வேட்டியில் சொட்டு நீலம் விழுந்தது போல. பக்கவாட்டில் திருப்பினால் உள்ளே வெளிறிய மஞ்சள் மண், நம் ஊர்ச் செங்கல் பொடியைவிட மென்மை. அதாவது இது பீங்கானே இல்லை. சீனப் பீங்கானுக்கு வேண்டிய வெண்களிமண்ணும் அந்த வெப்பம் தரும் சூளையும் இல்லாதவர்கள், பூச்சில் வெள்ளீயத்தைக் கலந்து ஒளி ஊடுருவாத வெள்ளையை உண்டாக்கி, மஞ்சள் மண்ணை மறைத்திருக்கிறார்கள். உட்புறத்தில் மூன்று சிறு வடுக்கள். சூளையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க நடுவில் வைத்த முக்காலியின் கால்கள் பட்ட இடம். ஒன்றொன்றாகப் பொத்திச் சுடாமல் அடுக்கி அடுக்கிச் சுட்டிருக்கிறார்கள்.

கவிழ்த்துப் பாருங்கள். அடிவளையம் அகலமாகத் தட்டையாக இருந்தால் சீனக் கிண்ணத்தைப் பார்த்துச் செய்தது. நகல் எடுப்பவன் மேசைமேல் தெரியாத அடிப்பக்கத்தையும் ஏன் நகல் எடுத்தான்? வாங்குகிறவர் கவிழ்த்துப் பார்க்கிறவராக இருந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குப் பிந்திய ஈரானிய ஓடு என்றால் ஓரம் வேறு மாதிரி: வெள்ளையாக, சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல நறநறவென்று. இது களிமண் கலமே அன்று என்று சொல்லிவிடலாம். ஈரானின் காஷான் நகரக் குயவர் குடும்பத்து அபுல்காசிம் 1301இல் எழுதிவைத்த அளவு: பத்துப் பங்கு அரைத்த வெண்கல் (குவார்ட்ஸ்), ஒரு பங்கு கண்ணாடிக்கூழ், ஒரு பங்கு வெண்களி. முழுக் கலங்களில் இந்த ஓரம் தெரியாது. தெரியாத இடத்தில்தான் பழுது பார்த்தவர்களின் கைவரிசை இருக்கும். பல வண்ண ‘மினாயி’ கிண்ணங்களில் இரண்டு மூன்று கலத்தின் துண்டுகளை ஒட்டி மேலே வண்ணம் பூசி விற்றவை ஏராளம். டார்ச்சைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். பூச்சின் பளபளப்பு திடீரென மங்கும் இடத்தில் புது வண்ணம் இருக்கிறது.

8. ‘வணிகம்’, ‘அதிகாரம்’ என்று எழுதுமுன்

இங்கேதான் பெரும்பாலான ஆய்வேடுகள் வழுக்குகின்றன. தூரத்தில் கிடைத்தால் வணிகம், அழகாக இருந்தால் அதிகாரம் என்று எழுதிவிடுகிறோம்.

நீலப்பச்சைப் பூச்சுப் பூசிய பெரிய ஜாடிகளை எடுங்கள். ஈராக், ஈரான் பக்கத்தில் செய்தவை. ஈரானியக் கரையின் சீராஃப் துறைமுகத்தில் கிடைக்கின்றன. இலங்கையில் மன்னாருக்கு அருகே மாந்தையில் கிடைக்கின்றன. நம்மவர்களுக்குத் திருக்கேதீச்சரம் என்றால் உடனே புரியும் ஊர்தான். மாந்தையில் ஓடு கிடைத்தது என்பதால் ஜாடியை விரும்பி வாங்கினார்கள் என்று ஆகாது. ஜாடி, சரக்கை ஏற்றி வந்த டப்பா. உள்ளே இருந்ததுதான் விலை. அதே வகை ஜாடி மூன்று, சீனாவின் ஃபுஜோ நகரில், 930இல் அடக்கம் செய்யப்பட்ட லியூ ஹுவா என்ற இளவரசியின் கல்லறையிலும் இருந்தன. துறைமுகத்தில் டப்பா, அரச கல்லறையில் சீதனம். மண்ணும் பூச்சும் ஒன்றே. பொருளின் மதிப்பை முடிவு செய்வது நடுக்கட்டம்தான்.

அதிகாரத்துக்குச் சான்று வேண்டுமானால் எழுதப்பட்டதையும் சேர்த்துப் படியுங்கள். கிழக்கு ஈரான் பக்கத்துக் குராசானின் ஆளுநர் அலீ இப்னு ஈசா, அப்பாசிய கலீபா ஹாரூன் அல்-ரஷீதுக்கு அனுப்பிய காணிக்கையில் சீன அரசவைப் பீங்கான் இருபதும், வேறு பீங்கான் இரண்டாயிரமும் இருந்ததாக வரலாற்றாசிரியர் பைஹகி பதினோராம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். கலீபாவின் அவையில் பீங்கான் என்பது என்ன என்று அந்த எண்ணிக்கை சொல்லும். அதன் பிறகு வெள்ளீயப் பூச்சுக் கிண்ணத்தைப் பார்த்தால், அரண்மனையில் பார்த்ததைக் கீழ்ப்படியில் இருப்பவனும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். (பீங்கான் என்ற நம் சொல்லே பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறிக்கும் ‘பிங்கான்’தான். கிண்ணம் போய் மண் வகையின் பெயராகிவிட்டது.)

நிஷாப்பூர், சமர்க்கந்துப் பக்கத்தை ஆண்ட சாமானித் அரசமரபின் காலக் கிண்ணங்களில் வெள்ளை மேல் கறுப்பில் கூஃபி என்ற கோணலான அரபி எழுத்து ஓடும். படமே இல்லை. மெட்ரோபாலிட்டனில் உள்ள ஒன்றில், வேலைக்கு முன் யோசித்தால் பின்னால் வருந்த வேண்டாம் என்ற பொருளில் அரபி வாசகம். பேச்சு பாரசீகம், கிண்ணத்தில் அரபி. சோறு தீர்ந்தபின் வாசகத்தைப் படித்துச் சொல்லக்கூடிய விருந்தாளியை எதிர்பார்த்த வீடு அது. ஆனால் இந்த வகையில் பல கிண்ணங்களில் எழுத்து போலத் தெரிவது வெறும் கோடு. அதைச் சேர்க்காமல் ‘கற்றோர் சமூகம்’ என்று எழுதாதீர்கள்.

மம்லூக் சுல்தான்கள் ஆண்ட எகிப்தில் இன்னும் வெளிப்படை. அமீர்கள் எனப்படும் படைத்தலைவர்களின் பதவிச் சின்னங்களான பானம் பரிமாறுவோனின் கிண்ணமும் வாளும், செம்மண்ணில் செய்த முரட்டுக் கலங்களில் கீறப்பட்டிருக்கும். அமீர் வீட்டுப் படைவீரர்களுக்கும் வேலையாட்களுக்கும் மொத்தமாகச் செய்த பாத்திரங்களாக இருக்கலாம். இங்கே அதிகாரம் மலிவு மண்ணில் இருக்கிறது. அழகைத் தேடிப் போனால் இதைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

9. படங்களுக்கான அனுமதியும் நினைவுப் பொருள் ஆசையும்

மெட்ரோபாலிட்டனின் பொதுக்களப் (காப்புரிமை இல்லாத) படங்களை எதற்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். 2017 முதல் அப்படித்தான். பிரிட்டிஷ் அருங்காட்சியகப் படங்கள் வணிகநோக்கமற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும். ஆய்வேட்டில் போடலாம், விலைக்கு விற்கும் புத்தகத்தில் போடத் தனி அனுமதியும் பணமும் வேண்டும். ஆய்வறையில் நீங்களே எடுத்த படத்துக்கும் அச்சிட அனுமதிப் படிவம் உண்டு. அதை அங்கே இருக்கும்போதே கையெழுத்திட்டு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்து மின்னஞ்சலில் கேட்ட எனக்கு அது ஏழு வாரம் எடுத்தது. இதழின் கெடு ஆறாவது வாரத்தில் முடிந்திருந்தது.

கெய்ரோ வழியாகத் திரும்புகிறவர்கள் பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் மேட்டில் காலில் இடறும் ஓட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். எகிப்தின் 1983ஆம் ஆண்டின் 117ஆம் சட்டப்படி அது குற்றம். இணையத்தில் ஐம்பது டாலருக்கு வரும் ‘அசல் காஷான் ஓடு’ எதையும் வாங்காதீர்கள். போலி என்றால் பணம் போச்சு, அசல் என்றால் அதன் நடுக்கட்டம் போச்சு.